பத்தாவது மாடியிலிருந்து ஒரு வரவேற்பறை: டேட் மாடர்ன் வழக்கு

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கும் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2016 ஜூனில் ஒரு புதிய கட்டடத்தைத் திறந்தார்கள். அதன் பத்தாவது தளத்தில், நாலு பக்கமும் சுற்றி வரும்படி ஒரு திறந்த நடைமாடம். டிக்கெட் கிடையாது, லிஃப்ட்டில் ஏறிப் போய் நிற்க வேண்டியதுதான். வடக்கே ஆறும் அதற்கு அப்பால் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடமும் தெரியும். அந்த வருடங்களில் எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். அப்புறம் மெல்ல நடந்து தெற்குப் பக்கம் வருவார்கள். அங்கே 34 மீட்டர் தள்ளி, கண்ணுக்கு நேரே ஒரு கண்ணாடி அடுக்குமாடி நிற்கும். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. உள்ளே யாரோ ஒருவர் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பார்த்தவர்கள் கையை ஆட்டினார்கள். சிலர் பைனாகுலர் வைத்துப் பார்த்தார்கள். சிலர் ஆபாசமாகச் சைகை காட்டினார்கள். நிறையப் பேர் படம் எடுத்தார்கள், எடுத்ததை இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். 2016 ஜூன் முதல் 2018 ஏப்ரல் வரை இந்த வீடுகள் தெரியும்படி போடப்பட்ட 124 பதிவுகளைக் குடியிருப்பவர்கள் தரப்பு எண்ணி எடுத்துவந்தது. அவை சுமார் 38,600 பேரின் பார்வைக்குப் போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. மாடத்துக்கு வருடத்தில் ஐந்து முதல் ஆறு லட்சம் பேர் வந்தார்கள். ஒரே நேரத்தில் 300 பேர் வரை நிற்கலாம்.

நான்கு வீடுகளின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மாடத்தை இடிக்கச் சொல்லவில்லை, மூடவும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளைப் பார்த்தபடி இருக்கும் அந்தப் பகுதியில் மட்டும் ஆட்கள் நின்று பார்ப்பதைத் தடுங்கள், அல்லது ஏதாவது மறைப்பு வையுங்கள் என்றார்கள். இதற்காக அவர்கள் மூன்று நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. முதல் இரண்டிலும் தோற்றார்கள். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஜெயித்தார்கள்.

வழக்கு தொடங்கும் முன்பே ஊர் இவர்கள் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நியோ பேங்க்சைட் என்ற அந்தக் குடியிருப்பு 2012-இல் கட்டி முடிந்தது. ரிச்சர்ட் ராஜர்ஸின் நிறுவனம் வடிவமைத்தது, விலை மில்லியன் பவுண்டுகளில். கண்ணாடி வீட்டை அவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டு அடுத்தவன் பார்க்கிறான் என்று அழுதால் யாருக்குத்தான் இரக்கம் வரும்? டேட் அமைப்பின் அன்றைய இயக்குநர் சர் நிக்கோலஸ் செரோட்டா, வேண்டுமானால் ஒரு திரைச்சீலையோ பிளைண்டோ போட்டுக்கொள்ளலாமே என்றார். பலருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இடம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேட் மாடர்ன் ஒரு காலத்தில் பேங்க்சைட் மின் நிலையம். 1981-இல் மூடினார்கள், 2000-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். பக்கத்திலேயே இருப்பது பெர்மான்ட்சி. பக்கத்து நிலத்திலிருந்து வரும் தொல்லை பற்றிய வழக்குகளைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. 1879-இல் ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மேன் வழக்கில், பணக்காரர்கள் வாழும் பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாக இருப்பது பெர்மான்ட்சியிலும் தொல்லையாக இருக்க வேண்டும் என்பதில்லை என்று நீதிபதி தெசிஜர் எழுதினார். பெர்மான்ட்சி அப்போது தோல் பதனிடும் பகுதி. நாற்றமும் இரைச்சலும் அந்த ஊரின் இயல்பு, அங்கே குடியிருப்பவன் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது கருத்து. ஒன்றரை நூற்றாண்டுக்குள் அதற்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்து, அவற்றில் குடியிருப்பவர்கள் இன்ஸ்டாகிராம் படங்களை எண்ணிக்கொண்டு நீதிமன்றம் போகிறார்கள். ‘இடத்தின் இயல்பு’ என்பது எவ்வளவு நிலையில்லாத அளவுகோல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் தனியார் தொல்லை என்பது, ஒருவர் தன் நிலத்தைப் பயன்படுத்தும் விதத்தால் பக்கத்து நிலத்துக்காரரின் சாதாரண அனுபவிப்பு கெட்டுப்போவது. புகை, நாற்றம், சத்தம், அதிர்வு எல்லாம் இதில் அடங்கும். பார்வை அடங்குமா என்பதில்தான் சிக்கல். 1610-இல் ஆல்ட்ரெட் என்பவர் பக்கத்து வீட்டுக்காரரின் பன்றிக் கொட்டகையை எதிர்த்து வழக்குப் போட்டார். நாற்றத்துக்கு நிவாரணம் உண்டு, வெளிச்சத்தைத் தடுத்தால் நிவாரணம் உண்டு, ஆனால் அழகான காட்சி மறைந்துவிட்டது என்று வழக்காட முடியாது என்பது அப்போதே வகுத்த கோடு. என் நிலத்தில் நான் கட்டடம் எழுப்பலாம், அதில் ஜன்னல் வைக்கலாம், அதன் வழியே பார்க்கலாம். உனக்குப் பிடிக்கவில்லையென்றால் உன் நிலத்தில் நீ சுவர் எழுப்பிக்கொள். இதுதான் பல நூற்றாண்டுகளாக இருந்த ஏற்பாடு. 1997-இல் கேனரி வார்ஃப் கோபுரம் தங்கள் தொலைக்காட்சி அலைகளை மறிக்கிறது என்று கிழக்கு லண்டன் மக்கள் போட்ட வழக்கிலும் இதே பதில்தான் கிடைத்தது: ஒரு கட்டடம் சும்மா அங்கே நிற்பது தொல்லை ஆகாது.

ஆஸ்திரேலியாவில் 1937-இல் நடந்த ஒரு வழக்கு இதற்கு இன்னும் நெருக்கமானது. சிட்னியில் குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி டெய்லர் என்பவருக்கு வீடு. அவர் தன் தோட்டத்தில் ஒரு பரண் கட்ட இடம் கொடுத்தார். ஒரு வானொலி நிலையத்தின் ஆள் அதில் ஏறி நின்று பந்தயத்தை நேரடியாக ஒலிபரப்பினார். மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்தது. மைதானக்காரர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள், அங்கேயும் மூன்றுக்கு இரண்டு. தன் நிலத்தில் நின்றுகொண்டு கண்ணில் படுவதைப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு என்பது பெரும்பான்மை.

டேட் வழக்கில் முதலில் விசாரித்த நீதிபதி மான் 2019 பிப்ரவரியில் சொன்ன தீர்ப்பு சுவாரசியமானது. வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் தொல்லையாக முடியும் என்பதைக் கொள்கை அளவில் அவர் ஒப்புக்கொண்டார். மாடத்திலிருந்து நடப்பது சாதாரணப் பார்வை அல்ல என்பதையும் ஏற்றார். ஆனால் இந்த வாதிகள் அதைத் தாங்களே வரவழைத்துக்கொண்டார்கள் என்றார். முழுக் கண்ணாடிச் சுவர் உள்ள வீட்டை வாங்கினார்கள். குளிர்காலத் தோட்டம் என்று வடிவமைப்பாளர்கள் பெயர் வைத்த கண்ணாடி முன்னறையை வசிக்கும் அறையாகவே மாற்றிக்கொண்டார்கள். செங்கல் சுவரும் அளவான ஜன்னலும் இருந்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. போதாததற்கு, பிளைண்டை இறக்கலாம், கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டலாம், வலைத்திரை போடலாம் என்று யோசனையும் சொன்னார். மனித உரிமைச் சட்டத்தின் கீழும் வாதிகள் கேட்டிருந்தார்கள், அதுவும் எடுபடவில்லை.

அதற்குள் டேட் தன் பங்குக்குச் சில ஏற்பாடுகள் செய்திருந்தது. எதிரே குடியிருப்பவர்களின் தனிமையை மதிக்கச் சொல்லி அறிவிப்புப் பலகை வைத்தார்கள். காவலாளிகளிடம் படம் எடுப்பவர்களைக் கண்டிக்கச் சொன்னார்கள். சில பக்கங்களை மாலையில் முன்கூட்டியே மூடினார்கள். பலகை வைத்த பிறகு வந்தவர்கள் தெற்குப் பக்கத்தை இன்னும் ஆர்வமாகப் பார்த்திருப்பார்கள் என்று நான் சந்தேகப்படுகிறேன். ‘அங்கே பார்க்காதே’ என்று எழுதி வைத்தால் பார்க்காத ஜனம் எந்த ஊரிலும் இல்லை.

ஒரு வருடம் கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு காரணம் சொல்லி அதே முடிவுக்கு வந்தது. மான் தொல்லைச் சட்டத்தைப் பொருத்திப் பார்த்த விதமே தவறு, ஆனால் அதைப் பேசவே தேவையில்லை, ஏனென்றால் மேலிருந்து பார்ப்பது என்பது தொல்லைச் சட்டத்துக்குள்ளேயே வராது என்றது. தனிமையைக் காக்க வேறு சட்டங்கள் உண்டு, வேண்டுமானால் நாடாளுமன்றம் புதிதாக ஒன்று இயற்றட்டும் என்று கையைக் கழுவிக்கொண்டது.

உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லெகட் பிரபு. அவர் செய்த முதல் காரியம் கேள்வியை மாற்றியது. இந்த வழக்கு ‘மேலிருந்து தெரிவது’ பற்றியது அல்ல என்றார். டேட் ஒரு கட்டடம் கட்டியதையோ அதில் ஜன்னல் வைத்ததையோ வாதிகள் குறை சொல்லவில்லை. ஒரு இடத்தை ஒதுக்கி, வருடத்துக்குப் பல லட்சம் பேரை அழைத்துவந்து, வந்து பாருங்கள் என்று நிற்க வைப்பதைத்தான் குறை சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஜன்னல் இருப்பது வேறு. அந்த ஜன்னலுக்கு வாரத்தில் ஏழு நாளும் கூட்டம் சேர்ப்பது வேறு. இப்படிப்பட்ட நிலையில் வாழ்வது மிருகக்காட்சி சாலையில் காட்சிப் பொருளாக இருப்பதைப் போன்றது என்றும் எழுதினார்.

அடுத்து அவர் பிடித்த நூல்தான் வழக்கின் உயிர்நாடி. கீழ் நீதிமன்றம், டேட் தன் நிலத்தைப் பயன்படுத்துவது ‘நியாயமானதா’ என்று கேட்டது. ஒரு கலைக்கூடம் பொதுமக்களுக்கு இலவசமாக நகரத்தைக் காட்டுகிறது, இதில் என்ன நியாயக் குறைவு என்று அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல என்றார் லெகட். 1862-இல் பாம்ஃபோர்ட் எதிர் டர்ன்லி வழக்கில் நீதிபதி பிராம்வெல் வைத்த கேள்வியையே அவர் எடுத்துக்கொண்டார்: இது நிலத்தின் சாதாரண, வழக்கமான பயன்பாடா? அந்த வழக்கில் ஒருவர் தன் நிலத்தில் செங்கல் சூளை போட்டார், புகை பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் இன்று வீட்டைப் பழுது பார்க்கிறார், தூசி வருகிறது. நாளைக்கு நாம் செய்வோம், அவருக்குத் தூசி போகும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வெளியே போகிறவர், தான் செய்வது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், அடுத்தவருக்கு வரும் கேட்டுக்குப் பொறுப்பு.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி வீட்டுப் பேச்சு தலைகீழாகிறது. எதிரே இருப்பது இன்னொரு குடியிருப்பாக இருந்து, அங்கிருப்பவர்கள் அவ்வப்போது ஜன்னல் வழியே பார்த்திருந்தால், இந்த வாதிகளால் வாயே திறக்க முடியாது. சாதாரணமாக நடந்துகொள்ளும் அண்டை வீட்டாரிடம், என் வீடு கண்ணாடியால் ஆனது, ஆகவே நீங்கள் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று கேட்க முடியாது. ஆனால் அசாதாரணமான காரியத்தைச் செய்பவர் அதே வாதத்தை வைக்க முடியாது. வீட்டில் குடியிருப்பது சாதாரணப் பயன்பாடு, சுவர் எதனால் ஆனதாக இருந்தாலும். கட்டணமில்லாமல் ஊர் பார்க்கும் மாடம் நடத்துவது லண்டனின் அந்தப் பகுதியில்கூடச் சாதாரணப் பயன்பாடு அல்ல. அப்படியிருக்க, திரை போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார் என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது, தவறைச் சரிசெய்யும் செலவைத் தவறு செய்யாதவர் தலையில் கட்டுவது.

‘தொல்லை இருக்கும் இடத்துக்கு நீதானே வந்து சேர்ந்தாய்’ என்ற வாதமும் இங்கே உதவவில்லை. வீடு வாங்கும்போதே டேட்டின் விரிவாக்கத் திட்டம் தெரியுமே என்று கேட்கலாம். மேலே சொன்ன 1879 வழக்கிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு மிட்டாய்க்காரர் இருபது வருடத்துக்கும் மேலாகத் தன் சமையலறையில் பெரிய உரலும் உலக்கையும் வைத்து இடித்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த டாக்டர் தோட்டக் கோடியில் நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார், அதற்கு அப்புறம்தான் சத்தம் தொல்லையானது. டாக்டர்தான் ஜெயித்தார். யார் முதலில் வந்தார் என்பது முடிவைத் தீர்மானிப்பதில்லை. திட்ட அனுமதி கிடைத்துவிட்டதே என்ற வாதமும் அப்படித்தான். உள்ளூராட்சி கட்ட அனுமதித்தது என்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை காலாவதியாகிவிடாது. அனுமதி தந்த சமயத்தில் மாடத்திலிருந்து வீடுகளுக்குள் தெரியும் என்ற பிரச்சினையை யாரும் எடைபோட்டதாக இந்த வழக்கில் தெரியவும் இல்லை.

தீர்ப்பில் ஒரு இடத்தில் லெகட் கொஞ்சம் கூர்மையாகவே எழுதுகிறார். கீழ் நீதிமன்றங்கள் இவ்வளவு சுற்றி வளைத்ததற்குக் காரணம், சில பணக்காரர்களின் தனி உரிமைக்காகப் பொதுமக்கள் லண்டனைப் பார்ப்பதை நிறுத்தவும் ஒரு தேசிய அருங்காட்சியகத்தின் கையைக் கட்டவும் வந்த தயக்கமாக இருக்கலாம் என்கிறார். எனக்கு இந்த வரி பிடித்திருக்கிறது. இங்கே திரை போட்டுக்கொள் என்று சொன்ன எல்லோரும், எதிரே இருந்தது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பாக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்போமா? வாதியின் வங்கிக் கணக்கைப் பார்த்து நிவாரணத்தை முடிவு செய்ய ஆரம்பித்தால், அடுத்த தடவை அது ஏழைக்கு எதிராகத்தான் திரும்பும்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய சேல்ஸ் பிரபுவை அலட்சியமாகக் கடந்துவிட முடியாது. பார்வையும் தொல்லையாகலாம் என்பதில் அவருக்கும் சம்மதம்தான். ஆனால் சாதாரணப் பயன்பாடு என்ற ஒற்றைக் கத்தியை வைத்து அறுப்பது தவறு என்கிறார். நகரம் மாறிக்கொண்டே இருக்கும், இன்று அசாதாரணமாகத் தெரிவது நாளைக்கு வழக்கமாகும். இரு தரப்பும் எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்று பார்ப்பதுதான் தொல்லைச் சட்டத்தின் ஆன்மா, அப்படிப் பார்த்தால் ஊரில் வேறெங்கும் இல்லாத அளவு கண்ணாடி வைத்தவர் ஒரு திரையும் போடலாம் என்கிறார். கிட்சின் பிரபு அவருடன் சேர்ந்தார். இதில் ஒரு உண்மை இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட மைதானம், ஒரு புதுவகை மருத்துவமனை, இதெல்லாம் ஒரு தெருவில் முதல் முறை வரும்போது அசாதாரணமாகத்தான் இருக்கும். பெரும்பான்மையின் அளவுகோல் இவற்றை எப்படி அளக்கும் என்பது இனிமேல் வரும் வழக்குகளில்தான் தெரியும். ஆனாலும் டேட் மாடத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரும்பான்மைதான் சரியென்று படுகிறது. விட்டுக்கொடுப்பது என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது போக வேண்டும். இங்கே ஒரு பக்கம் தன் வீட்டு வெளிச்சத்தை இழக்கிறது. மறுபக்கம் இழப்பது என்ன? நாலு பக்கக் காட்சியில் ஒரு பக்கத்தின் ஒரு பகுதி, அதுவும் அடுத்தவர் வரவேற்பறை.

நம் ஊர்ச் சட்டத்தில் இதற்கு எதிர்பாராத ஒரு உறவு உண்டு. பக்கத்து நிலத்தின் மேல் ஒருவருக்கு உள்ள வழி, வெளிச்சம் போன்ற உரிமைகளைப் பற்றிய 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 18-ஆவது பிரிவு வழக்கத்தால் வரும் உரிமைகளைப் பேசுகிறது. அதற்குத் தரும் உதாரணங்களில் ஒன்று அப்படியே இந்தப் பிரச்சினைதான்: பக்கத்து வீட்டின் தனிமையைக் குலைக்கும்படி புதிய ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ஊரில், ஒருவர் வீடு கட்டியதுமே அந்தப் பாதுகாப்பு அவருக்கு வந்துவிடுகிறது. 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில், வட இந்தியப் பெண்கள் புழங்கும் பகுதிகளைப் பார்க்கும்படி பக்கத்து வீட்டில் வைத்த வராந்தாவையும் கதவுகளையும் பற்றிப் பேசி, அங்கே அப்படியொரு வழக்க உரிமை உண்டு என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ அதற்கு முன்பே, 1860-களில், ஜன்னல் திறந்து பார்ப்பது மட்டும் வழக்குப் போடத் தக்க தவறு ஆகாது என்று சொல்லியிருந்தது.

அதனால்தான் நம் பக்கப் பத்திரங்களில் வழிநடை பாத்தியம், ஜலதாரை பாத்தியம், காற்று வெளிச்ச பாத்தியம் என்று வரிசையாக எழுதுவார்கள், பார்வையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு மாடி ஏற்றி, எங்கள் மொட்டை மாடியைப் பார்த்தபடி மூன்று ஜன்னல் வைத்தபோது, அம்மா வடாம் பிழிய மேலே போவதையே நிறுத்திவிட்டார். வக்கீலிடம் கேட்டோம். “நீங்களும் சுவரை ஏத்திக்குங்க சார்” என்றார். 1610-இல் இருந்து சொல்லிவரும் அதே பதில். தகர ஷீட் அடித்தோம். இரண்டு மாடிக்குத் தகர ஷீட் போதும். பத்தாவது மாடிக்கு எதிரே எந்தச் சுவரை எழுப்புவது?

உச்ச நீதிமன்றம் டேட் செய்தது தொல்லை என்று அறிவித்ததோடு நின்றது. என்ன நிவாரணம் என்பதை முடிவு செய்ய வழக்கை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. பொதுநலன் உள்ளே வர வேண்டிய இடம் இதுதான் என்றார் லெகட். தவறு நடந்ததா என்று பார்க்கும்போது பொதுநலனுக்கு வேலை இல்லை. நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அதை நிறுத்த உறுத்துக்கட்டளை போடுவதா, இல்லை பணமாக நஷ்டஈடு வாங்கிக்கொடுப்பதா என்று தேர்ந்தெடுக்கும்போது அதற்கு இடம் உண்டு.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. 1970-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனிக்கு அருகே ஒரு சிமென்ட் ஆலையை எதிர்த்து அண்டை நிலத்துக்காரர்கள் ஜெயித்தார்கள். ஆலையின் முதலீடு 4.5 கோடி டாலருக்கு மேல், வேலை செய்தவர்கள் 300-க்கு மேல். அண்டை நிலங்களுக்கு வந்த நிரந்தர நஷ்டம் எல்லாம் சேர்த்து 1,85,000 டாலர் என்று கணக்கிட்டார்கள். அதைக் கட்டிவிட்டால் ஆலை ஓடலாம் என்றது நீதிமன்றம். காசு கொடுத்துத் தொடர்ந்து தவறு செய்ய உரிமம் வாங்குவது போலாகிறது இது என்று நீதிபதி ஜாசன் தனியாக எழுதி வைத்தார். ஆலை ஓடியது, தூசியும் பறந்தது.